புதுப்பிப்பு: ராஸ்பெரி பை சேமிப்பு சர்வர், டிஸ்க் காணாமல் போன பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் இங்கே புலம்பியது நினைவிருக்கலாம். ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி போர்டில் சாம்பா (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) நிறுவி, 2 டெராபைட் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வீட்டுக்குச் சேமிப்பு சர்வர் ஆக்கினேன். பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியிலேயே டிஸ்க் மறைந்துவிடும்.

பலர் சாம்பா அமைப்பைச் சந்தேகித்தீர்கள், நானும்தான். இரண்டு இரவு அதிலேயே போனது. அப்புறம் நகல் ஓடும்போது டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், சுழற்சி நின்றது, மறுபடி முதலிலிருந்து சுழலத் தொடங்கியது. கர்னல் பதிவை (இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் லாக்) பார்த்தால் மின்னழுத்தக் குறைவு எச்சரிக்கை வரிசையாக நிற்கிறது. நான் செருகியிருந்தது பழைய போன் சார்ஜர்!

இந்த போர்டின் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் ஒன்றே அதில் பெரும்பங்கை இழுத்துவிடும். அதனால் 3 ஆம்பியர் அடாப்டர் மாற்றியதோடு, டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்புக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரமாக ஒருமுறைகூட அறுபடவில்லை.

டிஸ்க்கை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமைக்கும் மாற்றினேன். எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் கோப்பு) யுயுஐடியோடு (டிஸ்க்கின் தனி அடையாள எண்) ‘நோஃபெயில்’ சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில் போர்டு பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும்.

ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது) போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இரண்டாவது டிஸ்க்கில் இரவுதோறும் ஆர்சிங்க் (மாறிய கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) ஓடுகிறது, எனக்கு அது போதும்.