விலை கேட்டு வரும் மெயில் மட்டும் காணாமல் போகிறது, ஜிமெயில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உளுந்துத் தரகர், ரங்கூன்

எல்லாருக்கும் வணக்கம். பயின்னவுங் சந்தையில் பருப்புத் தரகு பார்க்கிறேன். வயது 61. உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தே எஸ்.க்யூ. என்ற உயர்தரமா, எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரமா என்று சொல்லிவிடுவேன். மெயில் விஷயத்தில் மட்டும் இன்னும் கைநாட்டுதான்.

கடைக்கு ஒரு ஜிமெயில் இருக்கிறது. 2014ல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வந்து ஊரெல்லாம் போன் ஆனதே, அந்த வருஷம் மகன் திறந்து கொடுத்தான். இப்போது அவன் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். இங்கே நானும் ஒரு பழைய லேப்டாப்பும் போனும்தான். ரொம்ப நாள் போனில் வைபர் ஆப்பிலேயே காரியம் ஓடியது. இப்போது இந்தியாவில் வாங்குகிறவர்கள் எல்லாம் எழுத்தில் வேண்டும் என்கிறார்கள், அதனால் மெயில்தான்.

பிரச்சினை இதுதான். போன வாரம் விருதுநகர் பார்ட்டி ஒருவர் போன் போட்டார். "என்ன அண்ணாச்சி, எஸ்.க்யூ. ரெண்டு கன்டெய்னருக்கு விலை கேட்டு ஆறு மெயில் போட்டேன், ஒரு வரி பதில் இல்லையே. வேற ஆள்கிட்ட வாங்கிட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுகூட வரவில்லை. புது உளுந்து வரும் சீசனில் ஏன் யாரும் கேட்கவில்லை, நம்மேல் ஏதும் வருத்தமோ என்று நானே குழம்பிக் கிடந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆள் பணம் அனுப்பிய விவரம் வருகிறது. பி.எல். என்கிற கப்பல் சரக்கு ரசீதின் காப்பி கேட்டு எழுதியது வருகிறது. பொங்கல் வாழ்த்துகூட வந்தது. விலை கேட்கும் மெயில் மட்டும் வராது. யாராவது திருடுகிறார்களா? பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துவிட்டேன். மகனிடம் கேட்கலாம் என்றால் அவனுக்கு ஷிப்ட் வேலை. கேட்டாலும் "அப்பா, நீங்க எதையோ அமுக்கியிருப்பீங்க" என்பான்.

மோல்மேன் டீச்சர்

வணக்கம் அண்ணே. திருட்டாக இருக்காது, பயப்படாதீங்க. ஜிமெயிலில் மேலே பிரைமரி, புரமோஷன்ஸ், சோஷியல் என்று தாவல்கள் இருக்கும். விளம்பரம் மாதிரி தோன்றினால் புரமோஷன்ஸில் தள்ளிவிடும். எங்கள் கோயில் திருவிழா நன்கொடை ரசீதுகள் ஒரு மாசம் அங்கேதான் கிடந்தன. அதைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் ஸ்பாம். அதுவும் இல்லையென்றால் டிராஷ். சீக்கிரம் பாருங்கள் அண்ணே, ஸ்பாமிலும் டிராஷிலும் கிடப்பதை 30 நாளில் அதுவே அழித்துவிடும்.

உளுந்துத் தரகர், ரங்கூன்

நன்றி தங்கச்சி. புரமோஷன்ஸ் காலி. ஸ்பாமில் ஏதோ லாட்டரி மெயில் நாலு. இடதுபக்கம் கீழே 'குப்பை' என்று ஒன்று இருக்கிறது, அதுதானே டிராஷ்? அதைத் திறக்கவில்லை. அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 30 நாள் கணக்கைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

பெகு போன் கடை

மாமா, ஒரு நிமிஷம். உங்கள் ஜிமெயில் ஆங்கிலத்தில் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா? இன்பாக்ஸ், சென்ட் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்து 'குப்பை' மட்டும் தமிழில் இருந்தால் அது டிராஷ் இல்லை. யாரோ கையால் வைத்த லேபிள். லேபிளில் இருப்பதை ஜிமெயில் 30 நாளில் அழிக்காது, நிம்மதியாக இருங்கள்.

எனக்கு என்ன சந்தேகம் என்றால், அந்த ஆள் விலை கேட்கும்போது என்ன வார்த்தை போட்டு எழுதுவார்? 'ப்ளீஸ் ஆஃபர்', அதாவது விலை சொல்லுங்கள் என்றுதானே? பணம் அனுப்பினேன், பி.எல். அனுப்புங்கள் என்பதிலெல்லாம் அந்த வார்த்தை வராது. ஒரே ஆளிடமிருந்து ஒரு வகை மெயில் மட்டும் தொலைந்தால், ஆளைப் பார்த்துத் தடுக்கவில்லை, வார்த்தையைப் பார்த்துத் தடுக்கிறது என்று அர்த்தம். அந்த வேலையைச் செய்வது ஃபில்டர்.

இதைப் போன் ஆப்பில் தேடாதீர்கள், அங்கே ஃபில்டரே கண்ணில் படாது. லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறந்து, வலதுபக்கம் மேலே பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அமுக்கி 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். அப்புறம் வரிசையில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரசஸ்' என்ற தாவல். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே இங்கே போடுங்கள். எதையும் டெலீட் பண்ண வேண்டாம், முதலில் படித்துப் பார்ப்போம்.

பழைய ரங்கூன்காரன்

தரகரே, கரண்ட் இருக்கும்போதே பாருங்கள், பாதியில் போய்விடப் போகிறது.

நடுவில் என் பங்குக்கு ஒன்று. 2006ல் இங்கே ஜிமெயிலையே தடுத்து வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? இன்டர்நெட் கடைப் பையன் தடையைச் சுற்றிப் போகும் பிராக்ஸி போட்டுத் திறந்து கொடுப்பான். ஒரு மெயில் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அப்போது மெயில் காணவில்லை என்றால் அரசாங்கத்தைச் சந்தேகப்படுவோம். இப்போது வீட்டுக்குள்ளேயே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

உருப்படியாக ஒன்று: அதே செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆஃப்லைன்' என்று ஒரு தாவல் உண்டு. குரோமில் திறந்து அதைப் போட்டுவிட்டால் கடைசி 7, 30 அல்லது 90 நாள் மெயில்கள் லேப்டாப்பிலேயே தங்கும். லைன் இல்லாதபோதும் படிக்கலாம், பதில் எழுதலாம். லைன் வந்ததும் தானாகப் போய்விடும். நான் 30 நாள் வைத்திருக்கிறேன். கடையில் பொதுக் கம்ப்யூட்டர் என்றால் இதைச் செய்யாதீர்கள், உட்கார்கிறவன் எல்லாம் உங்கள் விலையைப் படிப்பான்.

உளுந்துத் தரகர், ரங்கூன்

தம்பி, நீ மந்திரவாதியா?

ஒரே ஒரு ஃபில்டர்தான் இருந்தது. ஆஃபர், சேல், டிஸ்கவுண்ட் என்று மூன்று வார்த்தை. இதில் எது இருந்தாலும் இன்பாக்ஸைத் தாண்டிப் போ, படித்ததாகக் குறி வை, 'குப்பை' லேபிள் ஒட்டு என்று போட்டிருந்தது. இன்பாக்ஸுக்கே வராததால் போனிலும் மணி அடிக்கவில்லை.

இப்போது ஞாபகம் வந்துவிட்டது. போன தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். சேலைக் கடை ஆஃபர், மிக்சி ஆஃபர் என்று போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்தபோது நான்தான் கத்தினேன், "இந்தச் சனியனை எல்லாம் குப்பையில போடுடா" என்று. அவன் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பில் ரெண்டு நிமிஷம் என்னவோ செய்தான். அன்றைக்கே சத்தம் நின்றது. கெட்டிக்காரப் பிள்ளை என்று அவன் அம்மாவிடம் மெச்சிக்கொண்டேன். அவனுக்கு ஆஃபர் என்றால் சேலை. எனக்கு ஆஃபர் என்றால் சோறு.

லேபிளைத் திறந்தேன். மொத்தம் 41. விருதுநகர் 6, சென்னை 2, இன்னொரு புதுப் பார்ட்டி லெமன் என்கிற துவரை ரகம் கேட்டு 1. மீதி எல்லாம் சேலை. இப்போது என்ன செய்யணும்? ஃபில்டரை அழித்தால் பழையது இன்பாக்ஸுக்கு வந்துவிடுமா?

பெகு போன் கடை

தானாக வராது மாமா. ஃபில்டர் மெயில் உள்ளே வரும்போது மட்டும்தான் வேலை செய்யும். சந்தை வாசலில் நிற்கிற காவல்காரர் மாதிரி, உள்ளே போன மூட்டையைத் திரும்பக் கொண்டு வரமாட்டார். முதலில் ஃபில்டரை டெலீட் பண்ணுங்கள். அப்புறம் 'குப்பை'யைத் திறந்து அந்த ஒன்பதுக்கு மட்டும் டிக் போட்டு 'மூவ் டு இன்பாக்ஸ்'.

அடுத்து, எதிர்த்திசையில் ஒரு ஃபில்டர் போடுங்கள். தேடும் பெட்டிக்கு வலதுமுனையில் சின்னக் கோடுகள் போட்ட படம் இருக்கும். அதை அமுக்கினால் ஒரு படிவம் விரியும். 'ஃப்ரம்' இடத்தில் விருதுநகர்காரர் முகவரி. கீழே 'கிரியேட் ஃபில்டர்'. அதில் 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்', 'ஸ்டார் இட்' ரெண்டுக்கும் டிக். வார்த்தையை நம்பாதீர்கள், ஆளை நம்பி ஃபில்டர் போடுங்கள். சேலை விளம்பரத்துக்கு ஃபில்டரே தேவையில்லை. அனுப்பியவர் பேருக்குப் பக்கத்திலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்று வரும், அதை அமுக்கினால் போதும்.

மோல்மேன் டீச்சர்

நான் அவசரப்பட்டுப் பயமுறுத்திவிட்டேன், மன்னிச்சுக்கோங்க அண்ணே. இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். ஒரே தலைப்பில் வரும் பதில்களை ஜிமெயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வரியாகக் காட்டும். அடியில் ஒரு புதுக் கேள்வி இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். செட்டிங்ஸ் முதல் தாவலில் 'கான்வர்சேஷன் வியூ'வை ஆஃப் செய்தால் ஒவ்வொரு மெயிலும் தனி வரியாக வரும். எனக்கு அடுக்கு பிடிக்கும், விலை பேசுகிறவர்களுக்குத் தனித்தனிதான் சரி என்று தோன்றுகிறது. 'அன்டு சென்ட்' அங்கேயே இருக்கிறது, அதை 30 செகண்ட் ஆக்குங்கள். விலையில் ஒரு சைபர் கூடிப்போனால் இழுத்துப் பிடிக்க நேரம் கிடைக்கும்.

உளுந்துத் தரகர், ரங்கூன்

30 செகண்ட் உடனே வைத்துவிட்டேன் தங்கச்சி. போன வருஷம் சைபர் ஒன்று விட்டுப்போய் ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை, அந்தக் கதை வேண்டாம்.

இன்னொரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். புது லேப்டாப்பில் திறக்கப் போனால் பாஸ்வேர்டுக்கு மேல் ஒரு ரகசிய எண், அதான் கோடு, கேட்கிறது. கோடு மகனுடைய சிங்கப்பூர் நம்பருக்குப் போகிறது. அவன் தூங்கி எழுந்து அனுப்புவதற்குள் இது காலாவதி.

பெகு போன் கடை

அதை இன்றைக்கே சரி பண்ணுங்கள். பழைய லேப்டாப்பில் திறந்தே இருக்கிறதல்லவா, அதை மூடாமல் வலதுமேல் மூலையில் உங்கள் படத்தை அமுக்கி கூகுள் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போங்கள். 'செக்யூரிட்டி'யில் இந்தக் கோடு கேட்கும் டூ ஸ்டெப் இருக்கும், அங்கே உங்கள் நம்பரைச் சேர்த்துச் சோதித்துவிட்டு, அப்புறம் மகன் நம்பரை நீக்கிவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்கும் ரெக்கவரி போன் தனியாக இருக்கும், அதையும் மாற்றணும்.

நம்ம ஊரில் எஸ்.எம்.எஸ். வரும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அதே இடத்தில் 'பேக்கப் கோட்ஸ்' எடுங்கள். பத்துக் கோடு வரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். பேப்பரில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள். போட்டோ எடுத்து வைபரில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உங்கள் மகன் அங்கிருந்து மெயில் பார்க்கணும் என்றால் பாஸ்வேர்டு கொடுக்கவே வேண்டாம். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' போய் 'கிராண்ட் ஆக்சஸ்' கொடுத்தால் அவர் தன் ஜிமெயிலிலிருந்தே உங்களுடையதைத் திறக்கலாம். உங்கள் பாஸ்வேர்டை அவரால் மாற்ற முடியாது.

பழைய ரங்கூன்காரன்

ஃபில்டரும் போட முடியாது என்று சொல்லியிருந்தால் தரகர் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்.

உளுந்துத் தரகர், ரங்கூன்

ரெண்டு நாளாக கரண்ட் கண்ணாமூச்சி ஆடியதால் இப்போதுதான் எழுத முடிந்தது. நம்பர் மாற்றியாயிற்று. பத்துக் கோடும் முனீஸ்வரர் படத்துக்குப் பின்னால். ஆஃப்லைனும் போட்டுவிட்டேன், நேற்று இருட்டில் உட்கார்ந்து சென்னைக்குப் பதில் எழுதினேன், லைன் வந்ததும் போய்விட்டது.

விருதுநகர்க்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். சிரித்துவிட்டு, "நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள எஸ்.க்யூ. ஒரு கன்டெய்னருக்கு விலை கொடுங்க அண்ணாச்சி" என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் பதினொன்று என்றால் நமக்குப் பன்னிரண்டு, ஒரு மணி நேரம் முந்தியே கொடுத்துவிடலாம்.

மகனிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீங்கதானேப்பா குப்பைன்னு சொன்னீங்க" என்றான். அதுவும் சரிதான்.

அந்த லேபிளை அழிக்கவில்லை. சேலை மெயிலை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, பேரை 'விருதுநகர்' என்று மாற்றி மஞ்சள் கலர் கொடுத்திருக்கிறேன். இடதுபக்கம் மேலே கொண்டுபோய் வைக்க முடியுமா தம்பி? இப்போது அகர வரிசையில் ரொம்பக் கீழே கிடக்கிறது.

பெகு போன் கடை

பேருக்கு முன்னால் 1 என்று எண் போடுங்கள் மாமா, மேலே ஏறிவிடும்.