புதுப்பிப்பு: ஆர்லாண்டோவில் டிஸ்னி ஹோட்டலா, யுனிவர்சல் ஹோட்டலா?

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி, யுனிவர்சல் தீம் பார்க்குகளுக்குப் போகிறவர்களுக்கு, ஒரு இரவு வாடகையை மட்டும் வைத்து டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டல்தான் லாபம் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

யுனிவர்சலின் ராயல் பசிபிக், ஹார்ட் ராக், போர்டோஃபினோ பே ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் அறை வாடகையிலேயே எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் (ரைடுகளுக்கு நீண்ட வரிசையைத் தவிர்த்துத் தனி வரிசையில் எத்தனை முறையும் போக உதவும் பாஸ்) அடக்கம். செக்-இன் நாளுக்கும் செக்-அவுட் நாளுக்கும் அது செல்லும். அதாவது நான்கு பேர் ஒரே ஒரு இரவு தங்கினால், இரண்டு நாளுக்கும் சேர்த்து எட்டு பாஸ் வாங்கியதற்குச் சமம். அறை தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். காலையிலேயே வரவேற்பில் பாஸை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பூங்கா டிக்கெட் மட்டும் தனி.

பலர் ஏமாறும் இடம்: இந்தப் பாஸ் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்ற இரண்டு பூங்காக்களுக்கு மட்டுமே. 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸில் செல்லாது. அதை ஒட்டிய ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் எவ்வளவு கொடுத்துத் தங்கினாலும் எக்ஸ்பிரஸ் இலவசம் இல்லை.

டிஸ்னியின் எந்த ஹோட்டலில் தங்கினாலும் அதன் பூங்காக்களுக்குள் அரை மணி முன்னதாக நுழையலாம். வரிசையைத் தவிர்க்க உதவும் லைட்னிங் லேனுக்குத் தனிக் காசு. ஆனால் 2023 ஜனவரி முதல் அந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு இரவு பார்க்கிங் இலவசம். யுனிவர்சல் ஹோட்டல்களில் அதற்குக் கட்டணம் உண்டு, வாடகைக் கார் எடுப்பவர்கள் அதையும் கூட்டுங்கள்.