ஏஜிஎம் பேட்டரியோடு லித்தியம் ஒன்றைச் சேர்த்துக் கட்டலாமா? (இரண்டு இரவு, பிளக் பாயிண்ட் இல்லாத இடம்)

வேன்வீடு:
வணக்கம். ஏழு இருக்கை எம்பிவி, பின் இரண்டு வரிசையையும் மடித்துப் படுக்கை போட்டது. ஜூன் விடுமுறையில் மலேசியாவின் மெர்சிங் பக்கம் கடற்கரையில் இரண்டு இரவு தங்கத் திட்டம். மின்சாரம் கிடையாது. இப்போது இருப்பது 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஏஜிஎம் பேட்டரி ஒன்று, அதாவது மூடிய ஈய-அமில வகை. சாயங்காலம் நாலு மணிக்கு முழு சார்ஜில் தொடங்கினாலும் விடியற்காலை நாலு மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது.

ஓட வேண்டியவை: 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு சின்ன ஃபேன், எல்இடி விளக்கு, நாலு கைப்பேசி, அப்பாவின் சிபாப் இயந்திரம் (தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காற்றழுத்தம் தருவது), 400 வாட் குட்டி ரைஸ் குக்கர். அதே 100 ஏஎச் அளவில் லித்தியம் ஒன்று வாங்கி ஏஜிஎம்மோடு பக்க இணைப்பில் கட்டினால் போதுமா? வண்டி நிற்பது சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பலமாடி கார் நிறுத்துமிடம். அங்கே பிளக் பாயிண்ட்டும் இல்லை, வெயிலும் இல்லை.

கூட்டிக்கழி:
இரண்டையும் சேர்த்துக் கட்டாதீர்கள். முழு சார்ஜான ஏஜிஎம் ஓய்வில் 12.8 வோல்ட்டில் நிற்கும், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 13.3-ல் நிற்கும். கட்டிவிட்டால் லித்தியமே முதலில் கரையும், ஏஜிஎம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். லித்தியம் தீர்ந்துபோனதும் ஏறக்குறைய மொத்தச் சுமையும் ஏஜிஎம் தலையில் விழும். அது பெரும்பாலும் நடு ராத்திரியாக இருக்கும், சிபாப் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

முதலில் ஒரு நாள் கணக்கைப் போடுவோம்:

ஃபிரிட்ஜ் 45 வாட், நம் ஊர் சூட்டில் பாதி நேரம் ஓடும்: 540 வாட்-மணி
ஃபேன் இரண்டு, தலா 15 வாட், 10 மணி நேரம்: 300
சிபாப் 40 வாட், 8 மணி நேரம்: 320
குக்கர் அரை மணி நேரம், இன்வெர்ட்டர் இழப்போடு: 230
விளக்கும் கைப்பேசிகளும்: 110

ஆக நாளுக்கு 1,500, இரண்டு நாளுக்கு 3,000. ஏஜிஎம்மில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், அதனால் உங்களுக்குக் கிடைப்பது 600தான். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபேன், சிபாப் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு அந்த 600 தீர்ந்திருக்கும். பேட்டரியில் பழுது எதுவும் இல்லை.

100 ஏஎச் லித்தியம் 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி, அதில் 90 விழுக்காடு எடுக்கலாம். ஒன்று வாங்கினால் போதாது. இரண்டு வாங்கினால் 2,300 கிடைக்கும். சோற்றை கேஸ் அடுப்பில் வடித்தால் தேவை 2,540 ஆகக் குறையும். மிச்ச 240-ஐ சோலாரோ, பகலில் ஒரு மணி நேரம் வண்டி ஓடுவதோ ஈடுகட்டிவிடும். மின்சாரத்தில் சோறு வேண்டுமென்றால் பேட்டரிக்கு மேல் பேட்டரி அடுக்க வேண்டியிருக்கும். அது தேவையில்லை என்பது என் கருத்து.

குக்கர் போய்விட்டால் இன்வெர்ட்டரும் வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 10 முதல் 20 வாட் குடிக்கும். 15 என்று வைத்தாலும் ஒரு நாளில் 360 வாட்-மணி வீண், அதாவது சிபாப்பின் ஒரு ராத்திரி. சிபாப்புக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் டிசி அடாப்டர் உண்டு, அதை வாங்கி நேரே 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். ஈரப்பதமூட்டியும் சூடான குழாயும் போட்டால் மின்செலவு வெகுவாக ஏறும். அவற்றை அணைக்கலாமா என்று அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஏஜிஎம்மைத் தூக்கிப் போட வேண்டாம். தனியாக, சிபாப்புக்கு மாற்றாக மட்டும் வைத்திருங்கள். ஒரு ராத்திரியைத் தாங்கும்.

சின்மிங்கார்:
அண்ணே, பேட்டரியைவிட சார்ஜிங்தான் உங்களுக்குப் பெரிய பிரச்சினை. வண்டி பெட்ரோலா ஹைபிரிட்டா? அதைச் சொல்லாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

பெட்ரோல் என்றால் லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் சுற்றும் மின்னாக்கி) நேரே மாட்டக் கூடாது. லித்தியத்துக்கு உள்தடை குறைவு, கொடுக்கிற ஆம்பியரை எல்லாம் இழுத்துக்கொள்ளும். உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டு மணி நேரம் ஏர்கான் போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டர் மெதுவாகத்தான் சுற்றும், காற்றும் அதிகம் படாது. அந்த நிலையில் கருகிவிடும். இடையில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

வேன்வீடு:
ஹைபிரிட்தான். 12 வோல்ட் பேட்டரி வண்டியின் பின்பக்கம் இருக்கிறது.

சின்மிங்கார்:
அப்படியென்றால் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து உள்ளே இருக்கும் கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட்டை நிரப்புகிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயர் அழுத்தம். வேலை எல்லாம் 12 வோல்ட் பக்கம் மட்டும்.

20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போதும், 30-க்குப் போகாதீர்கள். டாஷ்போர்டில் ரெடி விளக்கு எரியும்போது மட்டும் அது ஓட வேண்டும். ஏசிசி நிலையில் (ரேடியோ போன்றவை மட்டும் ஓடும் நிலை) ஓடினால் வண்டியின் சின்ன பேட்டரி காலியாகும், பிறகு வண்டியே எழும்பாது. அதனால் வோல்டேஜ் பார்த்து இயங்கும் சார்ஜராக வாங்கி, 13.3-ல் தொடங்கி 12.7-ல் நிற்கும்படி செட் பண்ணுங்கள். நெகட்டிவை பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த் புள்ளியில் மாட்டுங்கள். முனையில் கரண்ட் சென்சார் இருந்தால் கணக்கு குழம்பும்.

20 ஆம்பியரில் மணிக்கு சுமார் 280 வாட்-மணி ஏறும். மெர்சிங் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் என்றால் 700. வாரண்டிக்குப் பாதிப்பு வருமா என்று விற்றவரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

பிளக் பாயிண்ட் இல்லாததற்கு ஒரே வழி, பேட்டரியைக் கழற்றி லிஃப்ட்டில் வீட்டுக்குக் கொண்டுபோவது. 100 ஏஎச் லித்தியம் 11, 12 கிலோதான், ஏஜிஎம் போல 30 கிலோ இல்லை. 14.4 வோல்ட், 20 ஆம்பியர் லித்தியம் சார்ஜரில் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். கழற்ற வசதியாக ஆண்டர்சன் கனெக்டர் போடுங்கள்.

செம்புக்கம்பி:
கேபிள் பற்றி யாரும் சொல்லவில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

வண்டியின் பேட்டரி பின்னாலேயே இருப்பது உங்களுக்கு நல்லது. அங்கிருந்து சார்ஜருக்குப் போக 2 மீட்டர், வர 2 மீட்டர், 25 ஆம்பியர், 10 சதுர மில்லிமீட்டர் கேபிள்: 0.18 வோல்ட்தான் இறங்கும். இதே வேலையை இன்ஜின் அறையிலிருந்து 5 மீட்டர் இழுத்து 6 சதுர மில்லிமீட்டரில் செய்தால் 0.7-க்கு மேல் இறங்கும், சார்ஜர் விட்டுவிட்டு ஓடும்.

அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் 40 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் உரசி ஷார்ட் ஆனால் இரு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை, கருவியை அல்ல.

ஃபிரிட்ஜை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் விடாதீர்கள். அந்தப் பிளக்கை உருவி நுனியைப் பாருங்கள்: நடு ஊசியைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியில் அரை வோல்ட் போய்விடும். பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் வோல்ட் குறைவு என்று பார்த்து நின்றுவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஆண்டர்சன் கனெக்டர் போட்டு நேரே கொடுங்கள். ஃபிரிட்ஜின் பேட்டரி பாதுகாப்பு (வோல்ட் இறங்கினால் ஃபிரிட்ஜை நிறுத்தும் அமைப்பு) ஹையில் இருந்தால் லோவுக்கு மாற்றுங்கள். ஹை என்பது வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைக் காப்பாற்றுவதற்கு.

லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) அழுத்த ஹைட்ராலிக் கிரிம்பர் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டிய லக்கில் ஓரக் கம்பிகள் நாலைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடம்தான் சூடாகும். லக், ஹீட் ஷ்ரிங்க், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாவற்றுக்கும் சிம் லிம் டவரில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கூட்டிக்கழி:
இரண்டு லித்தியத்தைச் சேர்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒன்றாக வாங்கியவை. வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்யும் ஒவ்வொரு தடவையும் இரண்டையும் முழுதாக நிரப்பிவிட்டுத்தான் மறுபடி இணைக்க வேண்டும். ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால் இணைத்த நொடியில் பெரும் கரண்ட் பாய்ந்து பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) துண்டிக்கும். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே அதிகம் உழைக்கும்.

வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். லித்தியம் 13.2-ஐச் சுற்றியே வெகுநேரம் நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். நெகட்டிவில் ஷண்ட் மானிட்டர் (போகும், வரும் கரண்ட்டை அளந்து கணக்கு வைக்கும் மீட்டர்) வையுங்கள். எல்லா நெகட்டிவும் ஷண்டின் மறுபக்கம் போக வேண்டும். ஒன்று நேரே பேட்டரிக்குப் போனாலும் அந்தக் கணக்கு விட்டுப்போகும்.

வெயில்காலம்:
200 வாட் மடிப்புப் பேனல், எம்பிபிடி கன்ட்ரோலரோடு (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றுவது), திறந்த கடற்கரையில் நாளுக்கு 600 வாட்-மணி வரை தரும். சவுக்கு மர நிழலில் அதில் கால்வாசிகூட வராது. ஆகவே வண்டியை நிழலில் விட்டு, 10 மீட்டர் கேபிளில் பேனலை வெயிலில் வையுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், படுக்கையாகப் போட்டாலே போதும்.

பேட்டரியைப் பின் கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது, மூடிய வண்டி வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். தரையோடு, இரண்டாம் வரிசைக்குப் பின்னால், ராட்செட் பட்டையால் இறுக்கி வையுங்கள். திடீர் பிரேக்கில் 12 கிலோ பறந்து வரக் கூடாது.

வேன்வீடு:
மிக்க நன்றி. இரண்டு லித்தியம், 20 ஆம்பியர் சார்ஜர், கேஸ் அடுப்பு என்று முடிவு செய்துவிட்டோம். ஷண்டை முதலில் மாட்டி, ஃபிரிட்ஜையும் சிபாப்பையும் வீட்டிலேயே ஒரு ராத்திரி ஓட்டி எண்களை இங்கே போடுகிறேன்.

கூட்டிக்கழி:
நல்லது. அந்த ராத்திரி ஃபிரிட்ஜில் பயணத்துக்கு எடுத்துப்போகும் அளவு சாமானை நிரப்பி, ஏர்கான் இல்லாத அறையில் ஓட்டுங்கள். காலி ஃபிரிட்ஜ் குளிர் அறையில் காட்டும் எண் மெர்சிங்கில் உதவாது.