ராத்திரி இரண்டு மணிக்கு ஏணைக்குள் தவழ்ந்த குழந்தை: உங்கள் வீட்டில் நடந்ததா?

பெர்ஜுந்தைக்காரி:
மூன்று வாரமாக மனதில் கிடக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். மகளுக்கு எட்டு மாதம். ஏணையில், அதான் ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் துணித் தொட்டிலில், போட்டு நாலு இழுப்பு இழுத்தால் விடிந்த பிறகுதான் முழிப்பாள், அப்படிப்பட்ட பிள்ளை. திடீரென்று ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை அலறல். காய்ச்சல் இல்லை, ஈறு வீங்கவில்லை, வயிறும் சாதாரணமாகத்தான் இருந்தது. அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். எதிர் வரிசைப் பாட்டி கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்கச் சொன்னார். எனக்கோ காலை ஆறு மணிக்கு பேக்டரி பஸ். நாலாவது ராத்திரி பொறுக்க முடியாமல், "பகல் முழுக்க நீங்கள் தூங்க வைத்துக்கொண்டே இருந்தால் ராத்திரி எப்படித் தூங்குவாள்?" என்று அம்மாவிடம் கத்திவிட்டேன்.

அவர் பதிலே பேசவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டு ஏணைத் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு கையும் இரண்டு முட்டியும் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள். கண் மூடியே இருக்கிறது! துணி நெகிழ்ந்து கொடுக்கிறது, முட்டி நிற்க இடமில்லை, மூக்கு போய் சாரோங்கில் இடிக்கிறது, அதற்குத்தான் அந்த அழுகை. தூக்கத்திலேயே தவழ்ந்து பார்க்கிறாள். இரண்டு நாள் கழித்து ஹாலில் டிவி ரிமோட்டை நோக்கி நிஜமாகவே தவழ்ந்தாள். எல்லாரும் கைதட்டினோம். அம்மாவிடம் கத்தியதைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லூனாஸ் மருமகள்:
அக்கா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் பையனுக்குப் பிறந்து மூன்றாவது வாரம், தூங்கும்போது விரல் ஒவ்வொன்றாகத் துடிக்கும், அப்புறம் தோள், அப்புறம் ஒரு கால் மட்டும் வெடுக்கென்று உதைக்கும். கண் இமைக்குள் உருண்டை ஓடும். மாமியார் வலிப்பு என்று முடிவே கட்டிவிட்டார். மழையில் மோட்டாரில் போனோம், பிள்ளை என் ரெயின்கோட்டுக்குள். கவுண்டரில் இருந்த மிஸி (நர்ஸ்), "முதல் பிள்ளையா?" என்று கேட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. டாக்டர் நல்லவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எழுப்பினால் நிற்கிறதா?" எழுப்பினால் நின்றுவிடும். தூக்கத்தில் மட்டும் வருவது, முழித்ததும் மறைவது என்றால் பெரும்பாலும் பயம் இல்லை, முழித்திருக்கும்போதும் வந்தால் உடனே கொண்டு வா என்றார்.

அந்தச் சிரிப்பின் கோபத்தில்தான் தேடிப் படித்தேன். பிறந்த குழந்தை தூங்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரித் துடிப்பான தூக்கம்தானாம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் பிளம்பர்க் என்பவர் பல வருடமாக இந்தத் துடிப்பை எலிக்குட்டிகளில் ஆராய்கிறார், மனிதக் குழந்தைகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஒரு விரல் துடித்தால் அந்தச் செய்தி திரும்ப மூளைக்குப் போகிறது. எந்தத் தசையை அசைத்தால் எது நகரும் என்று மூளை அதை வைத்துத் தெரிந்துகொள்கிறது என்பது அவர் கருத்து. முழித்திருந்தால் கை கால் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடும், தூக்கத்தில்தான் ஒவ்வொன்றாகத் தனியே துடிக்கும். வீட்டில் மின்சாரக்காரர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பாரே, அது மாதிரி.

பழைய தீம்பார்:
பெர்ஜுந்தைத் தங்கச்சி, தப்பு முழுக்க ஏணை மேல். நான் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அம்மா விடியுமுன் பெரட்டுக்கு (வேலையாள் கணக்கெடுப்புக்கு) போய்விடுவார், ரப்பர் பால்வெட்டு முடிந்து வரும்வரை நான் வரிசையாகத் தொங்கும் ஏணைகளில் ஒன்றில். ஆயா ஒரே கயிற்றில் மூன்றை ஆட்டுவார். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கொட்டகையின் தகரக் கூரை ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் மட்டும்தான். ஒன்றரை வயதில்தான் நடந்தேனாம். அவ்வளவுதான் என் கதை.

இப்போது சொல்வதைக் கேளுங்கள். முதலில் ஏணையைக் கழற்றுங்கள். பாயை விரியுங்கள், மெத்தை வேண்டாம், வழுவழு டைல்ஸும் வேண்டாம், முட்டி சறுக்கும். சாக்ஸ் போடாதீர்கள், வெறுங்கால்தான் தரையைப் பிடிக்கும். தினமும் முழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், எதிரில் நீங்களும் படுத்துக்கொண்டு முகத்தைக் காட்டுங்கள். ரிமோட்டைக் கொடுக்காதீர்கள், கரண்டி கொடுங்கள். எண்ணெய் தேய்த்ததும் தரையில் விடாதீர்கள், வழுக்கும். பகல் தூக்கத்தை ஒரு தடவையாகக் குறையுங்கள், ராத்திரி தானாகத் தூங்கும். எட்டாம் மாதம் முடிந்ததும் ஒரு வாக்கர் வாங்கிவிடுங்கள், பாசாரில் மலிவாகக் கிடைக்கும், கால் பலப்படும். தவழாமல் நேராக நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் படிப்பு வராது என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள், அது சும்மா சொன்னதில்லை.

மூன்று பிள்ளைத் தாய்:
அண்ணே, கரண்டிவரை சரி. அதற்கப்புறம் சொன்னதை அப்படியே விட முடியாது.

என் இரண்டாவது மகன் ஒரு நாள்கூடத் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, இன்னொரு காலால் துடுப்பு போடுகிற மாதிரி தள்ளித் தள்ளி வீடு முழுக்கப் போவான். ஒரு நாள் அம்மிக்கல்லைச் சுற்றி அப்படியே ஒரு வட்டம் போட்டு வந்து, என் சேலை நுனியில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டில் "கால் விளங்காத பிள்ளை" என்று என் காதுபடவே சொன்னார்கள். இன்றைக்கு அவன் தமிழ்ப்பள்ளியில் ஓட்டப்பந்தயக்காரன், கணக்கிலும் மோசமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கில், 100-க்கு 4 பேர் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. தனியாக நடப்பது 8 மாதத்திலும் உண்டு, 17 மாதம் தாண்டியும் உண்டு. நீங்கள் ஒன்றரை வயதில் நடந்ததற்கு ஏணையைத் திட்டுகிறீர்கள், அது அந்தக் கணக்கின் ஓரத்தை ஒட்டித்தான் இருக்கிறது அண்ணே. ரொம்பத் தாமதமானால் கிளினிக்கில் காட்டட்டும், அவ்வளவுதான்.

வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது, படியில் உருண்ட பிள்ளைகளால். நம் லயத்து வீட்டு வாசல் படியை நினைத்துப் பாருங்கள். பகல் தூக்கத்தைக் குறைக்கவும் சொல்லாதீர்கள். 4 முதல் 11 மாதம்வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். ஏணையைக் கழற்றச் சொன்னது மட்டும் நியாயம், காரணம்தான் வேறு. முட்டி போடத் தெரிந்த பிள்ளை அதிலிருந்து விழும், துணியில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும். சமமான, கெட்டியான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் தங்கச்சி.

பழைய தீம்பார்:
வாக்கரில் வளர்ந்தவன் எல்லாம் செத்தா போனான்?

ஓய்வு வாத்தியார்:
சண்டைக்கு நடுவில் ஒன்று. முப்பது வருடம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை வகுப்பில் வரிசையாக ஒப்பிக்க வைத்தேன்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி. செங்கீரை என்றால் கைகளையும் ஒரு முட்டியையும் ஊன்றி, ஒரு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடும் பருவம், ஐந்தாம் மாதத்துக்கு உரியது. பலகையில் படம்கூட வரைந்திருக்கிறேன், தவளை மாதிரி வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பேத்தி பாயில் அப்படி ஆடி, ஆடி, அப்படியே கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிப்போன அன்றுதான் எனக்கு உறைத்தது: செங்கீரைக்கு அடுத்தது தால். தாலாட்டு. உடம்பு புதிதாக ஒன்றைக் கற்கிற பருவத்தை அடுத்துத் தூங்க வைக்கும் பருவத்தை வைத்திருக்கிறார்கள். தெரிந்து வைத்தார்களா, தற்செயலா, சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருடம் நான் அதைக் கேள்வித்தாளில் கோடிட்ட இடமாக மட்டுமே பார்த்தேன் என்பது உறுத்துகிறது.

நைட் ஷிப்ட் அப்பா:
வாத்தியார் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். செம்பனை ஆலையில் ராத்திரி வேலை, பகலில் மகளும் நானும் தனியாக. ஹாலிலிருந்து அடுப்படிக்கு ஒரு படி இறங்க வேண்டும். பதினோரு மாதத்தில் காலை முழுக்க அந்தப் படியோடு மல்லுக்கட்டினாள், தலைகீழாகப் போகப் பார்ப்பாள், நான் காலைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பிவிடுவேன், மறுபடி தலைகீழ். பத்து தடவைக்கு மேல். ஒரு தடவையும் வரவில்லை. அழுது தூங்கிவிட்டாள், நானும் பக்கத்தில் கண் அசந்துவிட்டேன். முழித்துப் பார்த்தால் பாயில் ஆள் இல்லை. ஓடினேன். படி ஓரத்தில் தானாகத் திரும்பி, வயிற்றை வைத்து, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரல் தரையைத் தொட்டதும் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான்.

இதைச் சொன்னால் ஆலையில் நம்பவில்லை. ஜெர்மனியில் 6 மாத, 12 மாதக் குழந்தைகளுக்கு ஒரு கைப்பொம்மையை வைத்துச் சில செயல்களைக் காட்டியிருக்கிறார்கள், முடிவு 2015-இல் வந்தது. பார்த்த 4 மணி நேரத்துக்குள் அரை மணியாவது தூங்கிய பிள்ளைகள்தான் பிறகு அதைச் செய்துகாட்டினார்கள். மூன்று பிள்ளை அக்கா சொன்ன பகல் தூக்கம் இதற்குத்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் விளையாடும்போது சராசரியாக மணிக்கு 17 தடவை விழுவார்கள் என்று நியூயார்க்கில் எண்ணியிருக்கிறார்கள். நானும் ஒரு மதியம் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு வந்தது, ஆனால் அன்றைக்குப் பூனையும் கூட இருந்தது.

பெர்ஜுந்தைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தீம்பார் அண்ணே, கோபிக்காதீர்கள், சாக்ஸைக் கழற்றியதும் நிஜமாகவே சறுக்கவில்லை. ஏணையைக் கழற்றி மெல்லிய, கெட்டியான மெத்தையைத் தரையில் போட்டோம். இரண்டு ராத்திரி ரகளை, நேற்று ஒரே தடவைதான் எழுந்தாள். இன்று காலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறாள். "போச்சு, இந்த வாரமும் தூக்கம் போச்சு" என்றார் அம்மா. நான் பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, "பகலில் நன்றாகத் தூங்க வையுங்கள் அம்மா" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "யார், நானா?" என்றார்.

படி வாசலுக்குப் போடுகிற குட்டிக் கேட் எங்கே மலிவாகக் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?