அகலிகை மறுபடி கல்லாகும் கதை – பெயர் என்ன?

ரங்கூன் வாசகி:
வணக்கம். ஒரு சிறுகதையைத் தேடுகிறேன். ராமன் கால் தூசி பட்டு அகலிகை பெண்ணாகிறாள், பக்கத்துப் புற்றிலிருந்து கௌதமர் எழுந்து வருகிறார். கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். கடைசியில் சீதை ஏதோ சொல்ல, அகலிகை திரும்பவும் கல்லாகிவிடுகிறாள். அட்டை கிழிந்த தொகுப்பு என்பதால் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. கூகுளில் தேடினால் ராமாயணச் சொற்பொழிவுகள்தான் வந்து விழுகின்றன. இங்கே தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மோல்மேன்காரன்:
புதுமைப்பித்தன்தான் அக்கா. 'அகல்யை' என்று தேடுங்கள்.

பழைய இதழ் பிரியன்:
ஆசிரியர் சரி, கதை அதுவல்ல. அகலிகையை வைத்து அவர் இரண்டு கதை எழுதினார். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த 'அகல்யை'யில் ராமனும் இல்லை, கல்லும் இல்லை. இந்திரன் வந்துபோனதோடு முடிந்துவிடும். நீங்கள் கேட்பது 'சாப விமோசனம்', 1943, கலைமகள் இதழ். அயோத்திக்கு வெளியே சரயு கரையில் இருவரும் குடிசை கட்டி இருப்பார்கள். வனவாசம் முடிந்து சீதை வந்து, தீக்குளித்ததைச் சொல்வாள். ராமனே அப்படிக் கேட்டான் என்பதைத்தான் அகலிகையால் தாங்க முடியாது.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை. மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் கதைகள் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும். 'சாப விமோசனம்', 'சாபவிமோசனம்' இரண்டையும் போட்டுப் பாருங்கள். கோப்புக்குள் தேடும்போது 'அகலி' வரை அடித்தால் போதும். 'அகலிகையின்' என்று முழுதாக அடித்தால் 'அகலிகைக்கு', 'அகலிகையை' எல்லாம் நழுவிவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதில் தேடிப் பயனில்லை.

ரங்கூன் வாசகி:
சரயு கரைக் குடிசை, அதேதான்! மிக்க நன்றி. பிரிண்ட் கடையில் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதே?

மோல்மேன்காரன்:
கடைக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருக்காது. வேர்ட் கோப்பாகக் கொடுக்காதீர்கள்; வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். எழுத்துரு கோப்போடு சேர்ந்தே போய்விடும்.

பழைய இதழ் பிரியன்:
சென்னையிலிருந்து யாராவது வந்தால் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' வாங்கிவரச் சொல்லுங்கள், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பு. எந்தக் கதை எப்போது எதில் வந்தது என்ற விவரமும் உண்டு. வகுப்பில் 'அகல்யை'யை முதலில் வாசிக்க வையுங்கள், சின்னக் கதை. அதில் கௌதமர் மனைவியைப் புரிந்துகொள்கிறார். அதைப் படித்த கையோடு 'சாப விமோசன'த்துக்கு வந்தால்தான், மன்னித்த பிறகும் அந்த வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.