மறு: 'ரெஸ்க்யூ ஆர்க்கியாலஜி'க்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

சாலையோ கட்டடமோ எழும்பி அழியவிருக்கும் தொல்லிடத்தில் அதற்கு முன் நடத்தும் அகழாய்வை ஆங்கிலத்தில் 'ரெஸ்க்யூ ஆர்க்கியாலஜி' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் கேட்டிருந்தார்:

> மீட்பு அகழாய்வு என்றே வைத்துவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

பிரிட்டனில் அந்த ஆங்கிலச் சொல் பரவிய சூழல் வேறு. 1960களிலும் 70களிலும் மோட்டார்வே எனும் விரைவுச்சாலைகளும் நகர நடுவில் புதுக் கட்டடங்களும் எழும்பியபோது, புல்டோசர் வருவதற்குள் கிடைத்ததை அள்ளி எடுத்தார்கள். 1971இல் 'ரெஸ்க்யூ' என்ற பெயரிலேயே ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அந்த அவசரப் பணிக்கு 'மீட்பு' பொருந்தும்.

1990க்குப் பிறகு நிலைமை மாறியது. கட்டுபவரே செலவை ஏற்று, வேலை தொடங்குமுன் திட்டமிட்டு அகழாய்வு நடத்தவைக்கும் முறை வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் – ஹண்டிங்டன் ஏ14 சாலைப் பணி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 250 தொல்லியலாளர்கள் வரை வேலை செய்தார்கள். ஹவுட்டன் அருகே 12ஆம் நூற்றாண்டு வரை மக்கள் வாழ்ந்து, பின் கைவிட்டுப்போன ஓர் இடைக்கால ஊரே தெரியவந்தது: சுமார் 6 ஹெக்டேர், 12 கட்டடங்கள், அவற்றுக்கும் முந்தைய, சாக்சன் எனும் பழங்குடியினர் காலத்துக் கட்டடங்கள் 40 வரை.

கட்டடம் என்றதும் சுவரை நினைத்துவிட வேண்டாம். மரவீடுகளில் பெரும்பாலும் மிஞ்சுவது, மேல்மண்ணை வழித்ததும் அடிமண்ணில் தெரியும் கருத்த வட்டங்கள்தாம். மரக்கால் நட்டு, அது மட்கிப்போன குழிகள் அவை. ஒவ்வொன்றிலும் பாதி மண்ணை எடுத்து, வெட்டுமுகத்தை வரைந்து, படமெடுத்து, எண்ணிட்டு, பிறகு மறுபாதியையும் எடுத்துவிடுவார்கள். அத்தோடு அந்தக் குழி இல்லை. 2020இல் ஏ14 சாலை முழுவதும் திறந்துவிட்டார்கள். பானை ஓடும் எலும்பும் ஆவணமும் கையில் இருக்கின்றன. ஊர் இருந்த மண் இல்லை. இதைப் போய் 'மீட்பு' என்று எழுதினால், வாசகர் இடமே தப்பிவிட்டது என்று நிம்மதியடைந்துவிடுவார். அது நியாயமில்லை.

பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி 'தடுப்பு அகழாய்வு' என்று சொன்ன நண்பருக்கு: தமிழில் அது அகழாய்வையே தடுத்து நிறுத்தியதுபோல ஒலிக்கிறது. 'முன்னகழாய்வு' எனக்கும் பிடித்ததுதான், சுருக்கமாக இருக்கிறது. ஆனால் முதலில் போட்டுப் பார்க்கும் சோதனைக்குழிகளோடு அது குழம்பும்.

என் பரிந்துரை 'பணிமுன் அகழாய்வு'. எப்போது, எதற்காக என்பது சொல்லிலேயே இருக்கிறது. காப்பாற்றியதாக எந்த உரிமையும் கொண்டாடவில்லை. பெயரடையாகவும் வளையும்: பணிமுன் ஆய்வறிக்கை, பணிமுன் செலவு. திடீரெனத் தென்பட்டு அவசரமாகச் செய்வதற்கு மட்டும் 'மீட்பு அகழாய்வு' இருக்கட்டும்.

கூடவே இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். தோண்டாமல் மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதை 'இடக்காப்பு' எனலாம். தோண்டி ஆவணமாக மட்டும் வைத்துக்கொள்வதைப் 'பதிவுக்காப்பு' எனலாம். சாலைத் திட்டங்களில் சண்டையே இந்த இரண்டில் எது என்பதில்தான் வருகிறது. ஆகவே இரண்டையும் ஒரே 'பாதுகாப்பு'க்குள் அடைக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கருத்த வட்டங்களுக்கு 'தூண்குழி' என்று எழுதுகிறார்கள். தூண் என்றால் கல்தூண் நினைவுக்கு வருகிறது. பந்தல்கால் நடும் நம் வழக்கை ஒட்டிக் 'கால்குழி' எனலாமா? களத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.