மனக்கணக்காக வகுத்தல்: நாலாம் வகுப்புக்கு எப்படிப் பழக்குவது?

கேள்வி (மண்டபம்):
நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நன்றாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் 84ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் நோட்டைத் தேடுகிறார்கள். மனதில் செய்யச் சொன்னால் 80, 4 என்று பிரித்துத் திணறுகிறார்கள். எப்படிப் பழக்குவது?

பதில் (தொண்டி):
டீச்சர், சிக்கல் அந்தப் பிரிப்பில்தான். 80, 6ஆல் மீதியின்றி வகுபடாது. வகுக்கும் எண்ணின் பத்து மடங்கை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்: 60 போனால் 24. பத்தும் நாலும் 14. அதேபோல் 91ஐ 7ஆல் என்றால் 70, 21, விடை 13. இதற்கு வாய்ப்பாடு தலைகீழாகவும் வர வேண்டும். "ஏழெட்டு எவ்வளவு?" என்பதோடு "56ல் எத்தனை ஏழு?" என்றும் கேளுங்கள். தினம் 5 நிமிடம், 10 கேள்வி போதும். கடிகாரம் வைத்து விரட்ட வேண்டாம், ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பதில் (ராமேஸ்வரம்):
மீதியைப் புரியவைக்க நம்ம கடற்கரைக் கணக்கே போதும். 50 மீனை எட்டெட்டாகக் கூறு போட்டால் 6 கூறு, 2 மீன் மிச்சம். நுங்கும் நல்லது. பெரும்பாலும் காய்க்கு 3 சுளை. 48 சுளைக்கு எத்தனை காய்? 30, 18 என்று பிரித்தால் 16. 4ஆல் வகுக்க இரண்டு முறை பாதியாக்கலாம்: 96, 48, 24.

பதில் (கீழக்கரை):
பூஜ்யத்தைக் கவனியுங்கள் டீச்சர். 612ஐ 6ஆல் வகுத்து 12 என்பார்கள். 600க்கு 100, 12க்கு 2, ஆக 102. அவர்கள் சொன்ன 12ஐத் திருப்பி 6ஆல் பெருக்கச் சொன்னால் 72தான் வரும். பிழை அவர்களுக்கே தெரிந்துவிடும்.